மங்களூரிலிருந்து மணக்காடு வரை

எட்டு நாள் சைக்கிள் மிதித்து மங்களூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து சேர்ந்தவளிடம் ஊரே கேட்பது ஒரே கேள்விதான்: "உட்கார முடியுதா?" முடிகிறது, நன்றாகவே முடிகிறது. சாலை பஜாரில் எங்கள் குழாய்க் கடையின் கல்லாவுக்குப் பின்னால் இருபது வருஷமாக மர நாற்காலியில் உட்கார்ந்து உரமேறிய உடம்பு இது. சைக்கிள் சீட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு நாற்பத்தேழு வயது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம் சைக்கிள் வாங்கினேன். "ஒரு மாசம் ஓட்டுவே, அப்புறம் துணி காயப்போட ஆகும்" என்றார் என் கணவர். ஆறு வருஷம் ஆகிறது. துணி இன்னும் மாடிக் கொடியில்தான் காய்கிறது.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். தலைவர் ரகு சார், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி. அதிகம் பேசமாட்டார், பேசினால் அது உத்தரவு. நான் அவருக்கு அடுத்த இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். என் சக்கரத்துக்குப் பின்னால் வந்தவர் ஒருவர்கூட விழுந்ததில்லை என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன். தன்னைத்தானே புகழ்வது தப்பு என்பார்கள். மற்றவர்கள் புகழும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

கூட்டமாக ஓட்டுவது எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கும் நம் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி விடுவோம். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருபவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் குழி வந்தால் முன்னவர் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று கடைசி ஆள்வரை கை போகும். கை காட்ட மறந்தவர் அன்று சாயங்காலம் ஒன்பது சைக்கிளின் செயினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். தீர்ப்பு சொல்கிற வேலை என்னுடையது, இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் நான்தான்.

இந்த முறை புதிதாக வந்தவர் செல்வம். கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், டைல்ஸ் ஒட்டுகிறவர், ஆரியசாலையில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறார். எங்கள் கடைக்கு வெள்ளை சிமெண்ட் வாங்க வருவார். அவர் குழுவுக்குள் வந்த கதை வேடிக்கையானது. ஒரு காலையில் நாங்கள் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பறந்துகொண்டிருந்தபோது, பின்னால் கிணிகிணி என்று மணியடித்தபடி ஒரு பழைய சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அதன் கைப்பிடியில் தூக்குவாளி, பின்னால் கரணைப் பை. ரகு சார் அரை கிலோமீட்டர் துரத்திப் பிடித்து, "நாளைக்கும் இதே நேரம் வருவீர்களா?" என்று கேட்டார். "வேலைக்குப் போகாண்டாமா சாரே, தினமும் வருவேன்" என்றார் செல்வம். மறு மாதம் குழுவில் ஒருவர் தம்முடைய பழைய கியர் சைக்கிளை அவருக்குக் கொடுத்துவிட்டார்.

மங்களூருக்கு நாங்களும் சைக்கிள்களும் ரயிலில் போனோம். சரக்குப் பெட்டியில் என் சைக்கிளின்மேல் யாரோ கருவாட்டு மூட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் கழுவியும் வாடை போகவில்லை. காசர்கோட்டில் சாயா குடிக்க நிறுத்தினால் இரண்டு பூனை, கண்ணூரில் நிறுத்தினால் நாலு. ஒரு பூனை முன்சக்கரத்தைக் கட்டிக்கொண்டு படுத்தேவிட்டது. "அக்காவுக்க வண்டிக்கு மட்டும் பூட்டு வேண்டாம், காவல் இருக்கு" என்றார் செல்வம்.

வடக்கே அரிசிமாவை அடைத்து வேகவைத்துப் பொரித்த கல்லும்மக்காய் தருகிறார்கள். அது நம் விழிஞ்ஞத்துச் சிப்பிதான். பெயர் மாறி, வயிறு நிறைந்து வந்திருக்கிறது. நாம் சிப்பியைத் தேங்காய் போட்டு வதக்கிச் சாதத்தோடு முடித்துக்கொள்கிறோம். அவர்கள் அதையே பலகாரமாக்கிவிட்டார்கள். ஏழு தின்றேன். ரசவடை விஷயத்தில் மட்டும் எங்கள் ஊரை யாரும் அசைக்க முடியாது என்று அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் ரசவடை என்றால் என்ன என்று கேட்டார். பாவமாக இருந்தது.

முதல் இரண்டு நாள் செல்வம் என்னைப் பாடாய்ப் படுத்தினார். பலம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, கூட்டத்தோடு போகிற பழக்கம்தான் இல்லை. குழி வந்தால் தான் மட்டும் லாவகமாக விலகிப் போய்விடுவார். பின்னால் வந்த ஐ.டி. கம்பெனிப் பையன் தடதடவென்று குழியில் விழுந்து எழும்புவான். இரண்டு நாளில் மூன்று முறை தண்டனை விதித்தேன். வாயே திறக்காமல் ஒன்பது செயினையும் துடைத்தார், அதுவும் நாங்கள் துடைப்பதைவிடச் சுத்தமாக. மூன்றாம் நாள் காலை அவரை என் பின்னாலேயே வரச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஒரு கைகூடத் தவறவிடவில்லை. நான் விரல் நீட்டினால் அடுத்த நொடி அவர் விரல் நீளும். இவரை நான்தான் தேற்றினேன் என்று ரகு சாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிற வேலையால் பாதி தூரம் செம்மண் புழுதி. ஒரு இடத்தில் மாற்றுப்பாதை என்று அம்புக்குறி போட்டிருந்ததை நம்பிப் போனால் அது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் கொண்டுபோய் விட்டது. வாசலில் நின்ற பெரியவர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா?" என்று கேட்டார். "சைக்கிள் வீட்டார்" என்றேன். சிரித்தாரே தவிர, சாப்பிடாமல் விடவில்லை. பிரியாணி தின்ற பிறகு முப்பது கிலோமீட்டர் மிதிப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர முடியாது, அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கும் இடங்களில் செல்வம் முதலில் பார்ப்பது தரையை. செருப்பைக் கழற்றிவிட்டு பாதத்தால் தேய்த்துப் பார்ப்பார். "இத ஒட்டினவன் ஊருக்குப் பஸ் பிடிக்க அவசரத்துல இருந்திருக்கான்" என்பார். ஒரு லாட்ஜில் மட்டும் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல கை" என்றார்.

ஐந்தாம் நாள் பொன்னானி தாண்டி மதியச் சாப்பாட்டின்போது ரகு சார் ஒரு சேதி சொன்னார். அடுத்த பயணம் இலங்கை. தீவை ஒரு சுற்று சுற்றி வரப்போகிறோம். ஆனால் ஒன்பது பேரும் இல்லை, ஆறு பேர்தான். இந்தப் பயணத்தில் யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு. அன்று சாயங்காலம் செல்வம் தன் பையிலிருந்து நாலு பிளாஸ்டிக் உறை பிரித்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். இலங்கை என்று யாரோ முன்பே காதில் போட்டிருக்கிறார்கள் போல, ஆறு மாதம் முன்னாடியே எடுத்து வைத்திருக்கிறார்.

"மங்களூருக்கு எதுக்கு செல்வம் பாஸ்போர்ட்?" என்று கேட்டேன்.

"ரூம்ல வெச்சிட்டு வந்தா எவனாவது சட்டையோட சேத்துத் துவைச்சுப் போடுவான் அக்கா."

பிறகு அதைத் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னார். "இதுவரைக்கும் வேலை இல்லாம ஒரு ஊருக்கும் போனதில்ல. பெங்களூரு போயிருக்கேன், ஐதராபாத்து போயிருக்கேன். எல்லா ஊரையும் தரையில முட்டு போட்டுட்டுத்தான் பாத்திருக்கேன். ஒரு ஊரையாவது நிமிந்து பாக்கணும்லா."

ரகு சாரிடம் அன்றே போய்ச் சொன்னேன், ஆறு பேரில் ஒருவர் செல்வம் என்று. அவர், "ஊர் போய்ச் சேரட்டும்" என்றார்.

ஊரும் வந்தது. எட்டாம் நாள் கொல்லத்திலிருந்து கிளம்பி மத்தியானம் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டைக்கு வந்தோம். என் கணவர் கடையைப் பாதியில் விட்டு, வாளி நிறைய ரசவடையோடு நின்றிருந்தார். அங்கிருந்து விழிஞ்ஞம் துறைமுகக் கரைதான் முடிவிடம். ரகு சார் என்னைப் பார்த்து, "சந்திரா, இது உன் ரோடு. நீயே கூட்டிப் போ" என்றார். மகாராணி மாதிரி முன்னால் போய் நின்றேன். பின்னால் செல்வம், அவருக்குப் பின்னால் மற்ற ஏழு பேர்.

ஆறு வருஷமாக தினமும் காலை நான் ஓட்டுகிற ரோடு அது. எங்கே பஸ் நிற்கும், எங்கே நாய் படுத்திருக்கும், எல்லாம் அத்துப்படி. வேகத்தைக் கூட்டினேன். மணக்காடு தாண்டி அந்த வளைவில் திரும்பியபோது பின்னால் இரும்பு ரோட்டில் உராய்கிற சத்தம் கேட்டது. நின்று திரும்பினேன். செல்வம் ரோட்டில் கிடந்தார், சைக்கிள் நடைபாதை ஓரம் கிடந்தது. மற்றவர்கள் எப்படியோ விலகித் தப்பித்திருந்தார்கள்.

எழுந்து உட்கார்ந்தவர் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "குழப்பமில்லக்கா" என்றார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். எனக்கு வந்த பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"கண்ணை எங்க வெச்சிருந்தீங்க செல்வம்?" என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு பேர் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மீதி ஆறு பேர் முடிக்கச் சொன்னார் ரகு சார். முடித்தோம். கடலும் துறைமுகத்தின் பெரிய கிரேன்களும் பின்னால் தெரிய, சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு என்று போன் வந்தது. அங்கேயே கரையில் நின்றபடி ரகு சார் சொன்னதை மலையாளத்திலிருந்து அப்படியே தருகிறேன்: "நல்ல மனிதர். ஆனால் ரோட்டைப் பார்த்து ஓட்டத் தெரியாதவரை வேறு நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை பட்டியலை முடிவு செய்வோம்." என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு, வியாழக்கிழமை காலை வழக்கம்போல அதே ரோட்டில் தனியாகக் கிளம்பினேன். கால் லேசாக இருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை. மணக்காடு வளைவில் திரும்பி ஒரு இருபது அடி போயிருப்பேன். என்னவோ நெருடியது. இப்போது நான் நேராக வரவில்லையே என்று தோன்றியது. இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தேன். ரோட்டின் நடுவே ஒரு இரும்பு மூடி, நாலு விரல்கடை உள்ளே இறங்கிக் கிடந்தது. நேற்று இறங்கியது இல்லை, வருஷக்கணக்காக அப்படித்தான் கிடக்கிறது. ஆறு வருஷமாக நான் அதைச் சுற்றித்தான் போயிருக்கிறேன். அது அங்கே இருப்பது என் கைப்பிடிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

நம்பிக்கை வரவில்லை. பின்னால் போய் மறுபடி ஓட்டி வந்தேன். சைக்கிள் தானாக இடது பக்கம் வளைந்து, மூடியைத் தாண்டி, தானாக நேரானது. இரண்டு கையும் பிடியிலேயே இருந்தன. இன்னொரு முறை ஓட்டினேன், கை காட்ட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே. அப்போதும் மூடியைத் தாண்டிய பிறகுதான் கை நீண்டது. மங்களூரிலிருந்து கொல்லம்வரை, முன்பின் தெரியாத ரோட்டிலெல்லாம் ஒரு சின்னப் பள்ளத்துக்குக்கூட விரல் நீட்டியவள் நான். தெரியாத ரோட்டில் பயம் இருந்தது, அதனால் கண் இருந்தது. என் ரோட்டில் நான் எதையும் பார்க்கவே இல்லை. ஒரு முழம் பின்னால் வந்த மனுஷனை நேராக அதற்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண் எங்கே என்று வேறு கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் முறை திரும்பும்போது ஓரமாக நின்ற ஆட்டோக்காரர் கேட்டார், "என்ன சேச்சி, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"கிடைச்சிடுச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்கிறேன் என்று, "யானைக்கும் அடி சறுக்கும் சந்திரா" என்றார்.

"சறுக்கினது யானை. விழுந்தது வேற ஆளு" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப என்ன செய்யப் போறே?" என்று கேட்டார். எனக்கு ஒரு கெட்ட புத்தியும் வந்தது, மறைக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இலங்கையில் ரகு சார் தனக்கு அடுத்தபடியாக என்னைத்தான் முன்னால் விடப்போகிறார். பின்னால் வந்தவர் விழுந்ததில்லை என்ற பேரும் அப்படியே நிற்கும். செல்வமும் வாய் திறக்கிற ஆள் இல்லை. அந்த யோசனை ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரம் இருந்தது. அதற்குமேல் அதைச் சுமக்க என்னால் முடியவில்லை.

ஆரியசாலைக்குப் போனேன். அறையில் செல்வம் மட்டும் இருந்தார், மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாவுக்கட்டுக் கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன்.

"செல்வம், அன்னைக்கு அந்த மூடிக்கு நான் கை காட்டல."

"தெரியும்லா."

"எப்பத் தெரியும்?"

"விழும்பமே தெரியும்."

"அப்ப நான் கேட்டப்போ ஏன் சொல்லல? கண்ணை எங்க வெச்சிருந்தீங்கன்னு அத்தனை பேர் முன்னால கேட்டேனே."

வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஒங்களுக்க கையிலதான் அக்கா வெச்சிருந்தேன். மூணாம் நாளுலேருந்து நான் ரோட்டையே பாக்கல்ல. அந்தக் கை இருக்கும்பம் ரோட்டை என்னத்துக்குப் பாக்கணும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "ரகு சார் சொன்னதக் கேள்விப்பட்டேன், சரிதான். நான் ரோட்டைப் பாக்கல்லதான்."

அழக்கூடாது என்று இருந்தேன். அழுதேன். அவர் சங்கடப்பட்டு, வெங்காயத்தைத் தள்ளி வைத்தார், கண்ணீர் அதனால்தான் என்று காட்டிக்கொள்ள எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டம் முடிந்து வழக்கமாகச் சாயா குடிக்கிற கடையில் எல்லோரும் கூடினோம். செல்வத்தை என் கணவர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரகு சார் மடித்த தாளைப் பிரிப்பதற்குள் நான் எழுந்தேன். மூடி இருக்கிற இடம், நான் வளைந்தது, கை நீளாதது, வியாழக்கிழமை மறுபடி ஓட்டிப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "செல்வம் செஞ்சது நாம சொல்லிக் கொடுத்ததை. தப்பு செஞ்சது சொல்லிக் கொடுத்தவ. அவரைப் பட்டியலிலிருந்து எடுக்கறதா இருந்தா முதல்ல என்னை எடுங்க" என்றேன். வீம்புக்குச் சொல்லவில்லை. எடுத்தாலும் சரி என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் சொன்னேன்.

ஐ.டி. பையன் சாயா தம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ரகு சார் பேனாவை எடுத்து, தாளில் எதையோ எழுதினார். பிறகு செல்வத்தைப் பார்த்து, "ஆறு வாரத்தில் கட்டு பிரித்துவிடுவார்கள் அல்லவா?" என்று கேட்டார்.

"பிரிச்சிருவாங்க சாரே."

"இலங்கையில் மலை ரோடு. யார் பின்னால் வருகிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். சந்திராவின் பின்னால்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைத் தரையில் டைல்ஸ் எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்றுகூட இப்போது சொல்வேன், அவ்வளவு நேரம் பார்த்தேன்.

"அக்காவுக்க பின்னாலதான் வருவேன்" என்றார் செல்வம். "மத்தவங்க எல்லாரும் கை காட்ட இனிமேத்தான் மறக்கணும் சாரே. அக்கா மறந்து முடிச்சாச்சு."